எக்செல்லில் சுற்றவிட்ட பூமி ஏன் ஓடிப்போகிறது?

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கும் மாணவி எழுதிய கடிதம் இது. பெயர், ஊர், கல்லூரி மூன்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தே எக்செல் பழகியிருக்கிறார் மகள். கல்லூரியில் கணினி ஆய்வகம் உண்டு. ஆனால் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் சி புரோகிராமை அப்படியே தட்டி, வரும் விடையை எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. இந்த விடுமுறையில் பூமி சூரியனைச் சுற்றும் பாதையை எக்செல்லில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வரிசையிலும் இடம், திசைவேகம், முடுக்கம். ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் பாதை. வட்டம் வரும் என்று காத்திருந்தவருக்குச் சுருள் வந்தது. காலப்படியை, அதாவது ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலான நேரத்தை, 0.01 வருடத்திலிருந்து 0.001 வருடமாகக் குறைத்தார். சுருள் நெருக்கமானது, மறையவில்லை. இன்னும் குறைத்தபோது ஷீட் லட்சம் வரிசைகளைத் தாண்டி, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் நின்றேபோனது.

ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் காட்டினால், "எக்செல் கணக்குப்பிள்ளைக்கு உள்ளதும்மா. இயற்பியல் செய்யணும்னா ஃபோர்ட்ரான் படி" என்றாராம். வீட்டில் அண்ணன் வேறு பக்கம் இழுக்கிறார்: ஆறு மாத டேட்டா சயின்ஸ் வகுப்பு, 85,000 ரூபாய், தவணையில் கட்டலாம், "100 சதவீத வேலை உத்தரவாதம்".

நான் செய்தது இயற்பியலா, விளையாட்டா? தவறு ஃபார்முலாவிலா, லேப்டாப்பிலா? எக்செல்லை விட்டுவிட்டு எந்த மொழிக்குப் போவது? அந்த வகுப்பில் சேரலாமா? கணினி அறிவியல் படிக்காத எனக்கு இதில் இடம் உண்டா? புது லேப்டாப் வாங்கித்தான் ஆக வேண்டுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் லேப்டாப்பில் குறை இல்லை. கடிதத்தோடு நீங்கள் எழுதி அனுப்பிய ஃபார்முலாக்களையும் பார்த்தேன், அவையும் சரிதான். பூமி ஓடிப்போவதற்குக் காரணம் நீங்கள் பயன்படுத்திய முறை. அதற்கு ஆய்லர் முறை என்று பெயர்; பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. உங்கள் பாடத்திட்டத்திலும் இருக்கும், இரண்டு மதிப்பெண் கேள்வியாக. அது எங்கே தவறும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வட்டம் வர வேண்டிய இடத்தில் சுருள் வந்ததைப் பார்த்து, "இது சரியில்லையே" என்று நின்றீர்கள் பாருங்கள், அறிவியல் கணிப்பில், அதாவது எண்களைக் கணக்கிட்டு அறிவியல் செய்வதில், பெரும்பகுதி அந்த நிற்றல்தான். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: நீங்கள் செய்தது இயற்பியல். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூமி விலகும் இடம்

உங்கள் ஷீட்டில் ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேருங்கள்: மொத்த ஆற்றல். தூரத்தை வானியல் அலகிலும் (சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரி தூரம் 1) காலத்தை வருடத்திலும் வைத்திருக்கிறீர்கள். அப்படி வைத்தால் ஈர்ப்பு மாறிலியும் சூரியனின் நிறையும் சேர்ந்த பெருக்கம் 4π², அதாவது 39.478. தொடக்க வேகம் 2π. பூமியின் நிறையை 1 என்று வைத்தால் முதல் வரிசையில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் சேர்ந்து −19.739 வரும். காலப்படி 0.01 என்றால் அடுத்த வரிசையிலேயே அது −19.584 ஆகிவிடும். ஒரே படியில் கிட்டத்தட்ட 0.8 சதவீதம் ஆற்றல் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. பூமிக்கு யாரும் எரிபொருள் ஊற்றவில்லை. ஊற்றியது உங்கள் ஃபார்முலா.

ஏன் அப்படி? ஆய்லர் முறை, படியின் தொடக்கத்தில் இருந்த திசைவேகத்தையே படி முழுவதும் பயன்படுத்துகிறது. வட்டப் பாதையில் அந்தத் திசைவேகம் தொடுகோட்டின் வழியே இருக்கும். தொடுகோட்டில் எவ்வளவு சிறிய தூரம் நகர்ந்தாலும் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்போம். ஒரு படியில் வெளியே, அடுத்த படியில் உள்ளே என்று பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் பரவாயில்லை. இங்கே எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்கிறது. அதனால்தான் படியை 0.001 ஆக்கியும் சுருள் போகவில்லை. அந்தப் படியில்கூட ஒரே வருடத்தில் சுற்றுப்பாதை சுமார் 7 சதவீதம் பெரிதாகிவிடும். படியைப் பாதியாக்கினால் மொத்தப் பிழை ஏறத்தாழ பாதியாகும், வேலை இரண்டு மடங்காகும். அவ்வளவுதான் இந்த முறையில் கிடைக்கும் பேரம்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். புதிய இடத்தைக் கணக்கிடும் ஃபார்முலாவில் பழைய வரிசையின் திசைவேகத்தைக் காட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அதை அதே வரிசையில் இப்போதுதான் கணக்கிட்ட புதிய திசைவேகத்துக்கு மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அதே 0.01 படியில் இரண்டாம் வரிசையின் ஆற்றல் −19.7391 வரும், தொடக்கத்தில் இருந்தது −19.7392. கீழே இழுத்துக்கொண்டே போங்கள். ஆற்றல் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஓடிப்போகாது. பூமி வீட்டிலேயே இருக்கும்.

இந்தச் சிறு மாற்றத்தை இன்று ஆய்லர்–குரோமர் முறை என்கிறார்கள். ஆலன் குரோமர் 1981-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார். இதைக் கண்டது ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவி என்றும் அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். முறைக்கு அந்தப் பெண்ணின் பெயர் வைக்காதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான், அது வேறு கதை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடை உங்கள் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் தாளிலேயே இருக்கிறது. கேனானிக்கல் டிரான்ஸ்ஃபர்மேஷன், லியோவில் தேற்றம், கட்ட வெளியில் (இடத்தையும் உந்தத்தையும் அச்சுகளாகக் கொண்ட வெளி) பரப்பு மாறாமல் இருப்பது எல்லாம் படித்திருப்பீர்கள், எதற்கு என்று தெரியாமல். மாற்றிய ஃபார்முலாவில் ஒவ்வொரு படியும் அந்தப் பரப்பைக் காப்பாற்றுகிறது. பழைய ஃபார்முலா அதைக் காப்பாற்றுவதில்லை. ஒரு படியில் அது எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் யாக்கோபியனைக் கையால் போட்டுப் பாருங்கள், ஒரு பக்கக் கணக்கு. இதே குடும்பத்தைச் சேர்ந்த முறையால்தான் லூப் வெர்லே 1967-இல் 864 அணுக்கள் கொண்ட திரவ ஆர்கானைக் கணினியில் ஓட்டினார். இன்று புரதங்களையும் உலோகங்களையும் அணு அணுவாக ஓட்டும் மென்பொருள்களிலும் அந்த வகை முறைகள்தான் இருக்கின்றன.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத் தட்டிய ரங்கே–குட்டா முறை இதைவிடத் துல்லியமானதுதானே என்று கேட்பீர்கள். துல்லியம்தான். ஃபோர்த் ஆர்டர் ரங்கே–குட்டாவில் படியைப் பாதியாக்கினால் மொத்தப் பிழை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகும். ஏவுகணையின் ஐந்து நிமிடப் பாதைக்கு அதுதான் நல்லது. ஆனால் கோளைப் பல லட்சம் சுற்றுகள் ஓட்டும்போது அதன் ஆற்றலும் மெல்ல மெல்ல ஒரே பக்கம் நகரும். எது நல்ல முறை என்பது எந்தக் கேள்வி என்பதைப் பொறுத்தது. பாடநூல்கள் முறைகளை மோசமானது, சுமாரானது, நல்லது என்று ஏணி மாதிரி அடுக்குவதால் வரும் குழப்பம் இது.

படி சிறிதானால் விடை சரியாகுமா?

"படியை இன்னும் குறைத்தால் கட்டாயம் சரியாகிவிடும், என் லேப்டாப்தான் தாங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் நம்புவது இதுதான். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். சைன் சார்பின் வகைக்கெழுவை 1 ரேடியனில் கணக்கிடுங்கள். ஒரு சிறு இடைவெளி எடுத்து, இரு இடத்து மதிப்புகளையும் கழித்து, இடைவெளியால் வகுத்தால் போதும். சரியான விடை கொசைன் 1, அதாவது 0.5403. இடைவெளியை பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போங்கள். பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்கு வரை விடை மெருகேறும். அதன் பிறகு கெட ஆரம்பிக்கும். மைனஸ் பதினாறாம் அடுக்கில் விடை பூஜ்யம்! கணினி ஒரு எண்ணைச் சுமார் 16 இலக்கங்களில்தான் வைத்துக்கொள்கிறது. 1-உடன் அவ்வளவு சிறிய எண்ணைக் கூட்டினால் 1-ஆகவே இருக்கும். கழித்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஆக இரண்டு பிழைகள் எதிரெதிராக நிற்கின்றன. படி பெரிதானால் முறையின் பிழை, படி மிகச் சிறிதானால், இலக்கங்களை வெட்டுவதால் வரும் முழுமையாக்கும் பிழை. நடுவில்தான் நல்ல இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கணினி தேவையில்லை. ஒரே கணக்கை மூன்று படி அளவுகளில் செய்து, விடைகள் எப்படி நெருங்குகின்றன என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இனி எந்த விடையை எழுதினாலும் இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ரெக்கார்டு நோட்டில் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை வேலைதான்

உங்கள் ஆசிரியர் சொன்னதை ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறேன். எக்செல் கணக்குப்பிள்ளைக்குத்தான். ஆனால் அறிவியல் கணிப்பு தொடங்கியதே கணக்குப்பிள்ளை வேலையாகத்தான். ஹாலி வால்நட்சத்திரம் எப்போது திரும்பும் என்று 1758-இல் பாரிஸில் அலெக்ஸி கிளேரோ, ஜெரோம் லலாந்த், நிக்கோல்-ரைன் லெபோத் என்ற பெண்மணி, மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் கணக்கிட்டார்கள். வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கும் என்று பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, அட்டவணை அட்டவணையாக. 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு அருகே வரும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று அறிவித்தார்கள். வந்தது மார்ச் 13. எனக்கு அந்தக் கணிப்பைவிட, "ஒரு மாதம் முன்பின் ஆகலாம்" என்று சேர்த்துச் சொன்னதுதான் பெரிதாகப் படுகிறது. தங்கள் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் அப்பா பேரேட்டில் குறுக்கே கூட்டியதும் நெடுக்கே கூட்டியதும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார் அல்லவா, ஆற்றல் நெடுவரிசை உங்களுக்கு அதைத்தான் செய்கிறது. ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை. ஒத்துவந்தால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் ஒரு வழி அடைபட்டது.

ஷீட்டில் எதுவரை போகலாம்

இன்னும் சில மாதங்கள் ஷீட்டிலேயே இருங்கள் என்பதுதான் என் யோசனை. எல்லா எண்ணும் கண்முன் கிடக்கும் வசதி வேறு எதிலும் கிடையாது. புரோகிராமில் லூப் ஓடி முடிந்து கடைசி விடை மட்டும் வந்து விழும். ஷீட்டில் எந்த வரிசையில் கெட்டது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அடுத்து எடுக்க வேண்டிய கணக்குகள் என்று எனக்குப் படுபவை, விடை முன்கூட்டியே தெரிந்தவை. பெரிய கோண ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரியில் விட்டால் அலைவு நேரம், சிறு கோணச் சூத்திரம் தருவதைப்போல 1.18 மடங்கு வர வேண்டும். வந்தால் உங்கள் ஷீட்டை நம்பலாம். கதிரியக்கச் சிதைவை வேண்டுமென்றே பெரிய படியில் போடுங்கள். சிதைவு மாறிலியும் படியும் சேர்ந்த பெருக்கம் 2-ஐத் தாண்டியதும் அணுக்களின் எண்ணிக்கை பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி வெடிக்கும். நிலையின்மை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் இல்லை.

ஆனால் ஷீட் மிக அழகாகச் செய்யும் கணக்கு, விளிம்புகளின் மின்னழுத்தத்திலிருந்து உள்ளே இருப்பதைக் கண்டறியும் லாப்லாஸ் சமன்பாடு. 51-க்கு 51 கட்டங்கள் எடுத்து, மேல் விளிம்பில் 100 வோல்ட், மற்ற மூன்று விளிம்புகளிலும் பூஜ்யம் போடுங்கள். உள்ளே ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஃபார்முலா: மேல், கீழ், இடம், வலம் நான்கு செல்களின் சராசரி. ஒவ்வொன்றும் மற்றதைச் சார்ந்திருப்பதால் எக்செல் "சுற்றுக் குறிப்பு" என்று கத்தும். அமைப்பில் ஃபார்முலா பகுதிக்குப் போய், மீள்கணக்கீட்டை அனுமதித்துவிட்டால் மின்னழுத்தம் கண்ணெதிரே பரவும். செல்களுக்கு மதிப்புக்கு ஏற்ற வண்ணம் கொடுத்துப் பாருங்கள், சமமின்னழுத்தக் கோடுகள் தானாக எழும்.

இப்போது நடுச்செல்லைப் பாருங்கள். சரியாக 25 இருக்க வேண்டும். ஏன் என்றால், நான்கு விளிம்பிலும் 100 இருந்தால் உள்ளே எங்கும் 100. அதில் ஒவ்வொரு விளிம்பின் பங்கும் நடுவில் சமம். ஆனால் உங்கள் ஷீட் 25-க்குக் கீழேயே நின்றுவிடும். எக்செல் இயல்பாக 100 சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குள் மாற்றம் 0.001-க்குக் கீழே போனாலும் நிறுத்திக்கொள்ளும். மீண்டும் எஃப்9 அழுத்தினால் நடுச்செல் இன்னும் கொஞ்சம் ஏறுவதைப் பார்க்கலாம். மென்பொருள் "முடிந்தது" என்று நின்ற இடம் வேறு, கணக்கு முடிந்த இடம் வேறு.

இன்னொரு பொறி. ஷீட்டில் =-2^2 என்று தட்டுங்கள், 4 வரும். எக்செல் மைனஸை எண்ணோடு ஒட்டி வைத்துவிட்டுப் பிறகு வர்க்கமாக்குகிறது. கணித வழக்கப்படி −4 அல்லவா வர வேண்டும்? காஸ் வளைவு வரையும்போது, மைனஸ் எக்ஸ் ஸ்கொயரின் அடுக்கு என்று நேராகத் தட்டினால், மணி வடிவம் வருவதற்குப் பதில் வளைவு வானத்துக்குப் போகும். அடைப்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

சரி, எப்போது ஷீட்டை விட்டு வெளியே வருவது? இரண்டு கோள்களை ஐந்தாக்க நினைக்கும்போது நெடுவரிசைகளை எல்லாம் மறுபடி எழுத வேண்டியிருக்கிறதா, அப்போது. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் இருக்கும், அந்தச் சுவரில் முட்டுகிறீர்களா, அப்போது. பழைய எக்செல் கோப்பு வகையில் இந்த வரம்பு 65,536 மட்டுமே. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை அந்தப் பழைய வகைக் கோப்பில் கோவிட் பரிசோதனை முடிவுகளைக் கொட்டியபோது, 16,000-க்குக் கொஞ்சம் குறைவான தொற்றுகள் கணக்கிலிருந்து விடுபட்டுப்போயின. ஷீட் சத்தம் போடவில்லை.

எந்த மொழி

பைத்தான். அதிகம் யோசிக்க வேண்டாம். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் என்ற அதன் மூன்று நூலகங்களும் சேர்ந்தால் எம்.எஸ்சி. இயற்பியலில் வரும் எந்தக் கணக்கையும் செய்யலாம்.

ஃபோர்ட்ரான் படி என்று ஆசிரியர் சொன்னதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1957-இல் வந்த மொழிதான், ஆனால் வானிலை, காலநிலை மாதிரிகளில் பெரும்பகுதி இன்றும் அதில்தான் ஓடுகிறது. பைத்தானில் நீங்கள் ஐகன் மதிப்பு கேட்டால், அடியில் அந்த வேலையைச் செய்யும் லாபேக் நூலகம் ஃபோர்ட்ரானில் உருவானதுதான். அந்தத் துறைகளுக்குப் போனால் அப்போது படித்துக்கொள்ளலாம். துகள் இயற்பியல் என்றால் சி பிளஸ் பிளஸ் தேவைப்படும். மேட்லேப் உரிமத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், அதே நடையில் எழுத ஆக்டேவ் இலவசமாக இருக்கிறது.

பைத்தானைத் தொடங்கும் விதம்தான் முக்கியம். முதல் பாடத்திலிருந்து மொழி முழுவதையும் படித்துவிட்டு இயற்பியலுக்கு வரலாம் என்று போனவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. உங்களிடம் சரியாக ஓடும் பூமி ஷீட் இருக்கிறது. அதையே பைத்தானில் எழுதுங்கள். முதல் பத்து வரிசைகள் ஷீட்டோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எது தவறு என்று தேடுங்கள். மொழியின் பாதி அந்தத் தேடலில் வந்துவிடும். பைத்தானில் -2**2 என்று போட்டால் −4 வரும் என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

தொடக்கத்தில் லூப்பை நீங்களே எழுதுங்கள். பிறகு சைபையில் இருக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வானைக் கூப்பிட்டு ஒப்பிடுங்கள். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் கூப்பிட்டால் அது ஒவ்வொரு படியிலும் விடையின் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிழையை அனுமதித்துக்கொள்ளும். சில பத்துச் சுற்றுகளில் உங்கள் பூமி மறுபடி இடம் மாறும். ஆற்றல் நெடுவரிசை அங்கேயும் வேண்டும். செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் கேட்டு நிரல் வாங்கினாலும் இதே விதிதான். பத்து நொடியில் எழுதித் தந்துவிடும், ஆற்றல் நிற்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

அந்த 85,000 ரூபாய்

இப்போது சேர வேண்டாம் என்பது என் கருத்து. அண்ணன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. வீட்டில் ஒரு வருடத்துக்குள் சம்பளம் வந்தாக வேண்டிய நிலை இருந்தால், என் பதிலும் மாறும். அப்போதும் இந்த விளம்பரத்தை நம்பி அல்ல.

டேட்டா சயின்ஸும் நீங்கள் ஆசைப்படும் துறையும் பைத்தான், வரைபடம், புள்ளியியல் வரை ஒன்றாக நடக்கும். அதன் பிறகு பிரிந்துவிடும். வகைக்கெழுச் சமன்பாடு, நிலையின்மை, பிழை அளவு ஆகியவை அந்த வகுப்புகளில் பெரும்பாலும் வராது. பொதுவான பாதியை இலவசமாகவே படிக்கலாம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பைத்தானும் உண்டு, தமிழ்க் குரலோடு வரும் பாடங்களும் உண்டு. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல் பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் தேர்வு எழுதினால் மட்டும் சிறு தொகை.

தவணை என்றால் பெரும்பாலும் கடன். வகுப்பு நடத்துபவரிடம் அல்ல, பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்திடம், உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ. இரண்டாம் மாதம் வகுப்பை விட்டு நின்றாலும் கடன் நிற்காது. கையெழுத்துப் போடும் முன், பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் "உத்தரவாதம்" என்றால் என்ன என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பயிற்சி நிறுவனங்கள் பொய் உத்தரவாதம் தருவதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டிச் சிக்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். எழுத்தில் தர மறுத்தால் அதையே அண்ணனிடம் சொல்லுங்கள், வாதாடத் தேவை இருக்காது.

கணினி அறிவியல் பட்டம் இல்லாமல்

இந்தத் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல் படித்து வந்தவர்கள்தான். உங்களுக்கு இருக்கும் சாதகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். நன்றாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவருக்கு, பூமி சுருளாகப் போனது தவறு என்று தெரியவே தெரியாமல் போகலாம்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டின் இயற்பியல் பாடத்திட்டத்தில் மூலங்களைக் கண்டறிதல், இடைச்செருகல், சிம்ப்சன் விதி, ரங்கே–குட்டா எல்லாம் இருக்கின்றன. ஆக இப்போது செய்வது தேர்வுக்கும் வீணில்லை. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அரசுக் கல்லூரி, சிறுநகரக் கல்லூரி மாணவர்களும் போகிறார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

விண்ணப்பத்தில் "பைத்தான் தெரியும், எக்செல் தெரியும்" என்று எழுதுவதில் பயனில்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் எழுதுங்கள்: ஆய்லர் முறையில் பூமி ஏன் விலகியது, எந்த ஒரு மாற்றத்தால் நின்றது, மூன்று படி அளவுகளில் ஆற்றல் எப்படி மாறியது, ஒரு படம். தேர்வுக் குழுவில் உட்காரும் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிற்பார்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிப் பாதை நீளமானது. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு வருடம், உதவித்தொகை வரும், ஆனால் நேரத்துக்கு வராத மாதங்களும் உண்டு. அதன் பிறகும் நிரந்தர வேலை உறுதியில்லை. நடுவில் வேறு பக்கம் போக நேர்ந்தால் பொறியியல் உருவகப்படுத்தல், வானிலை, நிதிக் கணிப்பு ஆகிய துறைகளில் இந்தத் திறனுக்கு வேலை இருக்கிறது. சம்பளத்தில் டேட்டா சயின்ஸ் வகுப்பு முடித்த தோழிகள் தொடக்கத்தில் உங்களைவிட மேலே இருக்கலாம். வீட்டில் இதையும் சேர்த்தே பேசுங்கள், பிறகு தெரிந்து யாரும் கோபப்பட வேண்டாம்.

ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாற்றிய ஷீட்டையும் அதே விடை தரும் பைத்தான் நிரலையும் எடுத்துப்போய், "சார், இதை ஃபோர்ட்ரானில் எழுதிப் பார்க்கலாமா, இரண்டாமாண்டு புராஜெக்ட்டாக வைத்துக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். ஃபோர்ட்ரான் என்றவர் அதில் ஏதோ ஒரு காலத்தில் நிஜமாகவே வேலை செய்தவராக இருக்கலாம். அப்படி ஒருவர் கல்லூரியில் இருப்பது அதிர்ஷ்டம்.

கடைசியாக லேப்டாப். இப்போது புதிது வாங்க வேண்டாம். நீங்கள் செய்யப்போகும் எந்தக் கணக்குக்கும் 4 ஜிபி போதும். லட்சம் வரிசையில் திணறியது ஒவ்வொரு வரிசைக்கும் படம் வரையச் சொன்னதால் இருக்கலாம்; நூறு வரிசைக்கு ஒரு புள்ளி எடுத்து வரைந்து பாருங்கள். அதற்கு மேல் தேவைப்படும் நாளில் கூகுள் கோலாப் இருக்கிறது, உலாவியிலேயே பைத்தான் ஓடும், அவசரத்துக்கு போனிலும் திறக்கலாம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். அந்த வயது லேப்டாப்புக்கு அதுவே பெரிய வித்தியாசம்.